எங்கள் ஓட்டத்தின் பேரைச் சொல்லிக் கரையில் கல் பதிக்காதீர்கள்

கண்மாய்க்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், சுற்றுலாப் பணியை வகுத்தவர்களுக்கும், எங்கள் ஊராட்சிக்கும்:

போன செவ்வாய்க்கிழமை கருக்கலில் கரையேறினேன். பனைமரங்களில் சிவப்புப் பெயிண்டால் எண் போட்டிருந்தது. மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கிலிருந்து, வயலுக்குத் தண்ணீர் திறக்கிற நடுமடை வரை எண்ணிக்கொண்டே நடந்தேன். 31 பனை, 4 புளி, 1 மருது. கரையின் நடுவில் சுண்ணாம்புப் பொடியில் இரண்டு கோடுகள் இழுத்திருந்தது. அன்று பத்து மணிக்கு வந்த இளம் பொறியாளரிடம் கேட்டேன். இரண்டரை மீட்டர் அகலத்துக்கு பேவர் பிளாக், தண்ணீர்ப் பக்கம் எவர்சில்வர் கைப்பிடி, 30 மீட்டருக்கு ஒரு விளக்கு, கலுங்குக்கு மேலே ஒரு பாலம், அதன் முனையில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை என்று பொறுமையாகச் சொன்னார். மரியாதையான பிள்ளை. கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "மேடம், உங்க மராத்தானுக்காகத்தான் இவ்வளவும். ஃபைல்ல முதல் பக்கத்துலயே உங்க ஓட்டத்தப் பத்திதான் எழுதியிருக்கு."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஊர்ப் பெயரை எழுதவில்லை. எந்தக் கண்மாய், எந்தக் கோப்பு என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு, காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடக்கூடிய ஒரு செட்டிநாட்டு ஊர் என்றால் போதும்.

நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் 27 வருஷம் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பள்ளி மைதானத்தில் 100 மீட்டர் நேராக ஓட இடம் கிடையாது. 80 மீட்டரில் சுவர் வந்துவிடும். மாவட்டப் போட்டிக்குப் பெண்பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டும் என்றால் ரோட்டில் ஓடவிட வேண்டும். ரோட்டில் லாரி, டூவீலர், நின்று வேடிக்கை பார்க்கிற ஆட்கள். ஒரு நாள் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், எங்க அய்யா தினமும் கரையிலதான் மாட்ட ஓட்டிட்டுப் போவாரு, அங்க ஓடலாமா?" என்று கேட்டாள். மறுநாள் காலையே கூட்டிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து என் பிள்ளைகளுக்கு மைதானம் இந்தக் கரைதான். பாதிப் பிள்ளைகளுக்குக் காலில் ஷூ இருக்காது. வெறுங்காலோடு ஓடுவார்கள். கரை மண் மிதித்து மிதித்துக் கெட்டிப்பட்டது. ஆனாலும் உள்ளே ஒரு மெத்தென்ற தன்மை இருக்கும். விரல் ஊன்ற இடம் கொடுக்கும். காலையில் பனி இறங்கியிருந்தால் குளிர்ச்சியாக இருக்கும். தார் ரோட்டில் ஓடிய நாட்களில் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்று வாரத்துக்கு இரண்டு பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கரைக்கு மாறிய பிறகு அந்தப் புலம்பல் அநேகமாக நின்றுபோனது. இது என் கண் முன்னால் நடந்தது.

அந்தப் பிள்ளைகளில் சிலர் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு, "நாமே ஒரு ஓட்டம் வைப்போம்" என்று வந்தார்கள். 2016 தை மாதம் முதல் ஓட்டம். வந்தவர்கள் 23 பேர்.

ஓடுபாதை அமைந்த விதத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோப்பில் அது ஒரு வரியாகக்கூட இல்லை. மராத்தான் என்றால் 42 கிலோமீட்டர் 195 மீட்டர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921இல் அதையே நிரந்தரமாக்கினார்கள். கண்மாயை 6 முறை சுற்றினால் அந்தத் தூரம் வர வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அப்படியென்றால் ஒரு சுற்று 7,032 மீட்டரும் கொஞ்சமும். அளக்க எங்களிடம் கருவி ஏதும் இல்லை. என் பழைய சைக்கிளின் முன்சக்கரத்தில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டினோம். என்னை ஏற்றிக்கொண்டு சக்கரம் ஒரு முறை சுழன்றால் 2 மீட்டர் 20 சென்டிமீட்டர். சைக்கிளை நான் மிதிக்க, பிள்ளைகள் இருவர் கூடவே ஓடி வந்து நாடா எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணினார்கள். மூன்று முறை அளந்தோம். சுற்றுக்கு 130 மீட்டர் குறைந்தது. அந்தக் குறையை ஐயனார் கோயிலில் சரிக்கட்டினோம். மண்குதிரை வரிசைக்குப் பின்னால் போய் கோயிலை ஒரு வலம் வந்து திரும்பினால் கணக்கு நேராகிவிடுகிறது. அதனால் எங்கள் ஓட்டத்தில் 42 கிலோமீட்டர் ஓடுகிற ஒவ்வொருவரும் கரை காக்கும் ஐயனாரை 6 முறை வலம் வருகிறார்கள். எந்த ஊரிலிருந்து வந்தாலும், யாராக இருந்தாலும்.

கோயில் பொட்டலில் கிளம்பினால் முதலில் சரிவேறிக் கரை. இரண்டரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக, இரு பக்கமும் பனை நிற்கிற மண் கரை. வலப்பக்கம் தண்ணீர், இடப்பக்கம் கீழே ஆயக்கட்டு வயல். தை மாதம் என்பதால் பாதி வயலில் அறுப்பு நடக்கும். பிறகு கலுங்கு. மழை நன்றாகப் பெய்த வருஷம் கலுங்கில் இன்னும் தண்ணீர் மெலிசாக வழிந்துகொண்டிருக்கும். கணுக்கால் நனையத் தாண்ட வேண்டும். அதைத் தாண்டினால், கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் ஓரமாக ஒற்றையடிப் பாதை, காரை முள் கையைக் கீறும். பிறகு முந்திரித் தோப்பு, அதில் காலடியில் சருகு நொறுங்குகிற சத்தம் மட்டும்தான். அப்புறம் செம்புறாங்கல் பாறை. முதல் வெயில் விழும்போது அந்தக் கல் சிவக்கிற சிவப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. செட்டிநாட்டு வீடுகளுக்கு அஸ்திவாரம் போட வெட்டி எடுத்த பள்ளங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. கடைசியாக உள்வாய், அதாவது கரைக்கு எதிர்ப்பக்கம் தண்ணீர் தேங்குகிற பகுதியின் விளிம்பு. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க அந்த விளிம்பும் நகரும். அதனால் ஒவ்வொரு வருஷமும் முந்தின வாரம் போய்ப் பாதையைத் திருத்தி, சைக்கிளால் மறுபடி அளக்கிறோம்.

இதைப் பார்க்கத்தான் ஆள் வருகிறது. கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் சிமெண்ட் பாதையில் ஓடுவதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. அவர்கள் ஊரில் அது தாராளமாக இருக்கிறது. உங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் எங்கள் ஓட்டத்தைக் காரணமாகக் காட்டிவிட்டு, இரண்டாம் பக்கத்தில் அந்த ஓட்டத்துக்குக் காரணமான மண்ணை எடுத்துவிடுகிறீர்கள்.

ஓட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஊர் நீர்ப்பாய்ச்சி. எழுபது வயதைத் தாண்டியவர். மூன்று மடைகளையும் திறப்பதும் அடைப்பதும் அவர் பொறுப்பு. கல் பதிக்கப் போகிறார்கள் என்றதும் அவர் கேட்டது இது: "டீச்சரம்மா, ஐப்பசி கார்த்திகையில தண்ணி ஏறயில நான் ராத்திரியெல்லாம் கரையில நடப்பேன். எலி வளை எங்க இருக்கு, நண்டு வளை எங்க இருக்கு, ஈரம் எங்குட்டு வெளிய கசியுதுன்னு கால்லயே தெரியும். அந்த எடத்தக் கொத்தி, களிமண்ணப் போட்டு மிதிச்சு அடைச்சிருவோம். மேல கல்லப் பதிச்சுட்டா நான் எங்குட்டுப் போயி பாக்குறது?"

இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் வாங்க முடியவில்லை. கண்மாய்க் கரை அசையாமல் கிடக்கிற பொருள் இல்லை. தண்ணீர் ஏறினால் ஊறி உப்பும். சித்திரை வெயிலில் வற்றினால் சுருங்கிப் பாளம் வெடிக்கும். வெடிப்பு விழுந்த இடத்தில் மழைக்கு முன்னால் மண் போட்டு இறுக்குவார்கள். மேலே ஒரு முழம் மண்ணை வழித்தெடுத்து, எம்-சாண்ட் பரப்பி, கல்லை அடுக்கினால், கல்லின் இடுக்கு வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர் அந்த மணலை அரித்துக்கொண்டு சரிவில் போகும். மேலே கல் வரிசை அப்படியே இருப்பதுபோல் தெரியும், அடியில் பொந்து விழுந்திருக்கும். கசிவு கண்ணுக்குத் தெரியும்போது கரை உடைப்பெடுக்க நேரம் அதிகம் இருக்காது. கீழே வயல் மட்டும் இல்லை. பள்ளத்துத் தெரு முழுக்கக் கரைக்குக் கீழேதான் இருக்கிறது.

கற்பனையாகப் பேசவில்லை. நாங்கள் ஓடிப் பழகிய இன்னொரு கண்மாய், சைக்கிளில் போகிற தூரத்தில், நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி அழகுபடுத்தப்பட்டது. திறப்பு விழா அன்று நானும் போயிருந்தேன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவது மழைக்காலம் முடிந்து போனபோது 40 அடி நீளத்துக்குக் கல் உள்வாங்கி, நடுவில் தொட்டில் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடிக் குழாயில் பாதியைக் காணோம். விளக்குகளில் எரிவது எத்தனை என்று ஒரு நாள் மாலை நின்று எண்ணினேன்: 22இல் 5. மாடு இறங்கித் தண்ணீர் குடிக்க இருந்த சரிவைக் கைப்பிடி மறித்துவிட்டதால் ஊர்க்காரர்களே ஒரு இடத்தில் குழாயை அறுத்து வழி விட்டிருந்தார்கள். பகலில் அந்தக் கல் மேல் நடக்க ஆள் இல்லை, சூடு ஏறி இறங்குவதில்லை. முன்னால் அங்கே வெறுங்காலோடு ஓடிய பிள்ளைகள் இப்போது ஓடுவதில்லை.

எண் போட்ட மரங்களைப் பற்றி. பனை தமிழ்நாட்டின் மாநில மரம். அதை வெட்ட வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசே அறிவித்தது. அரசு நிலத்து மரங்களைப் பற்றி முடிவு செய்ய மாவட்டந்தோறும் பசுமைக் குழு இருக்கிறது. இந்த 36 மரங்கள் அந்தக் குழுவின் முன்னால் போனதா? கேட்டேன். "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். எண் மட்டும் அதற்குள் விழுந்துவிட்டது. கரையில் பனை வைத்த பெரியவர்கள் நிழலுக்காக மட்டும் வைக்கவில்லை. சல்லி வேர் கொத்தாக இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று தெரிந்து வைத்தார்கள். வெட்டின பிறகு அந்த வேர் மண்ணுக்குள்ளேயே மக்கும். மக்கின இடமெல்லாம் தண்ணீருக்கு வழி.

நிழலும் சும்மா இல்லை. 2019 ஓட்டத்தில் ஐந்தாவது சுற்றில் ஒரு தம்பி, கலுங்குக்கு இருபது அடி முன்னால் வரை வந்தவர், கால் பின்னிப் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பெயர் கேட்டால் வேறு ஏதோ பேசினார். உடம்பு கொதித்தது. வெயில் உடம்புக்குள் ஏறி 40 டிகிரியைத் தாண்டிப் பேச்சுத் தடுமாறினால், முதலில் ஆளைக் குளிர வைக்க வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு வருஷமும் அந்தப் புளியமரத்தடியில் பந்திக்குச் சோறு வடிக்கிற பெரிய அண்டாவில் தண்ணீரும் ஐஸ் கட்டியும் வைத்திருப்போம். நான்கு பேர் தூக்கி அண்டாவுக்குள் கழுத்து வரை இறக்கினார்கள். கால் மணி நேரத்தில் அவரே தன் அம்மா பெயரைச் சொல்லி போன் போடச் சொன்னார். 108 வந்தபோது தெளிவாகப் பேசிக்கொண்டு ஏறினார். அந்தப் புளியமரத்தில்தான் இப்போது 33 என்று எழுதியிருக்கிறது.

நிழல் இல்லாத, கல் பதித்த கரையில் பகல் 11 மணிக்கு ஐந்தாவது சுற்று ஓட ஒருவரையும் நான் அனுமதிக்க மாட்டேன்.

இனி, நீங்கள் வகுத்திருக்கும் அடுத்த காரியம். வேலை முடிந்ததும் எங்கள் ஓட்டத்தைப் பெரிய அளவில், 2,000 பேருக்குக் குறையாமல், மேடை போட்டு நடத்தலாம் என்று கோப்பில் இருப்பதாக அறிகிறேன். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பீர்கள். ஆனால் நாங்கள் 120 பேரோடு நிறுத்திக்கொள்வது ஆள் கிடைக்காததால் இல்லை. ஒவ்வொரு வருஷமும் அதைப்போல இரண்டு மடங்கு பேர் கேட்கிறார்கள். சுற்று 7 கிலோமீட்டர். 120 பேர் பரவி ஓடினால் ஆளுக்கு ஆள் சராசரியாக 58 மீட்டர் இடைவெளி. வரத்துக்கால் ஒற்றையடிப் பாதையில் ஒருவரை ஒருவர் தள்ளாமல் விலகிப் போகலாம். 2,000 பேர் என்றால் மூன்றரை மீட்டருக்கு ஒருவர். கலுங்கில் நெரிசல், உள்வாய் சேறாகும், எதிரே அறுப்புக்குப் போகிற வண்டி எங்கே ஒதுங்கும்? இப்போது ஓடுகிறவர்தான் ஒதுங்கி வழி விடுகிறார். அது எங்கள் முதல் விதி. மாடு வந்தாலும், கதிர்க்கட்டு வந்தாலும், ஓடுகிறவர் நிற்க வேண்டும்.

சிறிதாக இருப்பதால்தான் எல்லாவற்றையும் கையாலே செய்ய முடிகிறது. தண்ணீர்ப் பந்தல் இரண்டே இரண்டு. மண்பானையில் உப்புப் போட்ட நீர்மோர், கருப்பட்டி, வாழைப்பழம், கடலை மிட்டாய். நான்கைந்து மணி நேரம் ஓடுகிறவர் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆபத்தாகும் என்பதால் மோரை நாங்களே கையில் கொடுத்துக் குடிக்க வைக்கிறோம். பிளாஸ்டிக் டம்ளர் கிடையாது. ஆளுக்கொரு குவளை, இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். முடித்து வருகிறவர்களுக்கு மகளிர் குழுவினர் பொட்டலிலேயே வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் சுட்டுப் போடுகிறார்கள். பதக்கம் செய்வதில்லை. தரையில் பதிக்கிற ஆத்தங்குடிக் கல் செய்கிற இடத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பூக்கல் வார்த்துத் தருகிறார்கள், அதுதான். கட்டணத்தில் செலவு போக மிஞ்சியதை வரத்துக்காலில் சீமைக்கருவேலம் வெட்டப் போடுகிறோம். 2022இல் அப்படி 600 மீட்டர் சுத்தமானது. அந்த வருஷ ஐப்பசியில் முதல் மழைக்கே தண்ணீர் வந்து சேர்ந்ததை ஊரே கரையில் நின்று பார்த்தது.

ஒலிபெருக்கியும் கிடையாது. பழைய பள்ளிக்கூட மணி, தண்டவாளத் துண்டு, அதை ஒரு தட்டுத் தட்டி 5 மணிக்கு ஓட்டத்தைத் தொடங்கி வைக்கிறேன். திருப்பத்தூர் பக்கத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977 முதல் இருக்கிறது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அது நம் மாவட்டத்துப் பெருமை என்று உங்கள் மேடைகளிலேயே பேசக் கேட்டிருக்கிறேன். எங்கள் கண்மாய் சரணாலயம் இல்லைதான். ஆனாலும் நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் அரிவாள் மூக்கனும் உள்வாய்க் கருவேல மரங்களில் அடைகின்றன. முதல் சுற்றில் இருட்டில் ஓடுகிறவர்கள் தலை விளக்கைத் தரையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறோம். 30 மீட்டருக்கு ஒரு விளக்கு ராத்திரி முழுக்க எரிந்தால் அவை எங்கே போகும்?

விளக்கு வந்தால் பெண்பிள்ளைகளுக்குத்தானே பாதுகாப்பு என்று என்னிடமே கேட்டீர்கள். நியாயமான கேள்வி, 27 வருஷம் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஓடியவள் என்பதால் என்னிடம் கேட்டது சரிதான். பதில் சொல்கிறேன். பஸ் நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை உள்ள ஒரு கிலோமீட்டரில் இப்போது மூன்று விளக்கு எரிகிறது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஆறரை மணிக்கு அந்த வழியாகத்தான் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள். விளக்கை அங்கே போடுங்கள். சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொன்னார்கள், நடக்க இடம் வேண்டும் என்று சில பெரியவர்கள் மனுக் கொடுத்ததும் எனக்குத் தெரியும். அவர்களுக்கு முழங்கால் நோவாத, தடுக்கி விழாத சமதளம் வேண்டும். ஊரணியைச் சுற்றித் தெரு இருக்கிறது, அதைச் சீர்செய்து கொடுத்தால் வீட்டு வாசலிலேயே நடப்பார்கள். கரைச் சரிவில் ஏறி வர வேண்டியதில்லை.

கண்மாய்க்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது. கடைமடையின் பலகை உளுத்துப்போய் மூன்று வருஷமாகச் சாக்கு மூட்டை வைத்து அடைத்திருக்கிறது. கலுங்கின் தென் கட்டில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. வரத்துக்காலில் நாங்கள் வெட்டியது போக மிச்சம் இரண்டு கிலோமீட்டர் சீமைக்கருவேலம் மூடிக் கிடக்கிறது. நடுவில் ஓரிடத்தில் கால்வாயையே காணோம், வேலி இருக்கிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் இயற்றிய சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் ஊர்க்காரர்கள் கொடுத்த மனுக்கள் என்னிடம் நகலாக இருக்கின்றன. பணம் இல்லை என்ற பதிலும் இருக்கிறது. கைப்பிடிக்கும் மேடைக்கும் பணம் வந்துவிட்டது.

நம் பக்கத்து முன்னோர் தண்ணீரை எப்படி நடத்தினார்கள் என்பதற்கு நான் படித்துச் சொல்ல வேண்டியதில்லை. முற்றத்தில் விழுந்த மழையைக்கூட விடாமல் பிடித்தவர்கள், தெருவுக்கு வாட்டம் வைத்து ஊரணிக்குத் தண்ணீர் விட்டவர்கள், ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போக வழி செய்தவர்கள். ஆற்றுப் பாசனம் இல்லாத சரளை மண்ணில் அப்படித்தான் ஊர் நிலைத்தது. எங்கள் கலுங்குக்கு மேலே நீங்கள் கட்டப்போகும் பாலத்தின் தூண்கள் அந்த வழியில்தான் நிற்கும்.

நான் செய்ய வேண்டியதை முறைப்படி செய்துவிட்டேன். ஜூன் மாதம் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனுக் கொடுத்தேன். ரசீது இருக்கிறது, பதில் இல்லை. ஜூலையில் நேரில் போனேன். கரை ஒரு அலுவலகம், நடைபாதை இன்னொரு அலுவலகம், மரம் வேறு ஒன்று என்று மூன்று மாடி ஏறி இறங்கினேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து கேட்டேன். மே 1 கூட்டத்திலும் இந்த வேலையைப் பற்றி ஒரு சொல் வாசிக்கப்படவில்லையே, எப்போது தீர்மானம் போட்டீர்கள் என்றேன். "மேலிருந்து வந்த வேலை டீச்சர்" என்றார்கள். என்ன வேலை, எவ்வளவு தொகை, யார் செய்கிறார்கள் என்று ஒரு பலகைகூட இன்றுவரை கரையில் வைக்கவில்லை.

ஆவணி பாதி ஓடிவிட்டது. இப்போது கரையைக் கொத்தினால் ஐப்பசி அடைமழைக்குள் மண் இறுகாது. அதனால் என் முதல் வேண்டுகோள் அவசரமானது: கார்த்திகை முடிகிற வரை கரையில் ஒரு மண்வெட்டிகூட விழக் கூடாது. இதற்கு மட்டுமாவது ஒரு வாரத்துக்குள் எழுத்தில் உத்தரவு கொடுங்கள்.

36 மரங்களின் எண்களை அழிக்க வேண்டும். வெட்டியே ஆக வேண்டும் என்று நினைத்தால், ஒவ்வொரு மரத்துக்கும் காரணம் எழுதிப் பசுமைக் குழுவின் முன் வையுங்கள். அந்த நாளை எங்களுக்கும் சொல்லுங்கள். நீர்ப்பாய்ச்சியையும் கூட்டிக்கொண்டு வருகிறோம்.

திட்டத்தின் முழு வரைபடமும் மதிப்பீடும் அக்டோபர் 2 கிராம சபையில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். கரை மண் கரையாகவே இருக்கட்டும் என்று சபை தீர்மானித்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஒதுக்கிய பணத்தைக் கடைமடைக்கும், கலுங்குக் கட்டுக்கும், வரத்துக்காலுக்கும், பள்ளிக்கூட ரோட்டு விளக்குக்கும் மாற்றுவதில் சட்டச் சிக்கல் இருந்தால், என்ன சிக்கல் என்று எங்களுக்குச் சொல்லுங்கள். எங்கே போய் யாரைக் கேட்க வேண்டுமோ அங்கே ஊரோடு வருகிறோம்.

கோப்பின் முதல் பக்கத்திலிருந்து எங்கள் ஓட்டத்தின் பெயரை நீக்குங்கள். எங்களைக் கேட்காமல் எழுதியது அது. எங்களுக்கு இந்த வேலை வேண்டாம் என்று ஓட்டத்தை நடத்தும் 14 பேரும் கையெழுத்துப் போட்ட கடிதத்தை நேற்று பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம், அதைக் கோப்பில் சேர்க்க வேண்டும். வருகிற தை மாத ஓட்டத்துக்கு வழக்கம்போல 120 பேருக்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். கல் பதித்தால் அந்தக் கரையில் நாங்கள் ஓட்டம் நடத்த மாட்டோம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதியிருக்கிறோம்.

கடைசியாக ஒன்று. முடிவெடுக்கிறவர்கள் யாராவது ஒருவர், வரைபடத்தைக் கொண்டுவந்தாலும் வராவிட்டாலும், ஒரு முறை அந்தக் கரையில் நடந்து பார்க்க வேண்டும். சனிக்கிழமைதோறும் காலை 5.30க்கு ஐயனார் கோயில் பொட்டலில் பிள்ளைகளோடு இருப்பேன். நீர்ப்பாய்ச்சியும் அந்நேரம் நடுமடையில் இருப்பார். செருப்பைப் பொட்டலில் விட்டுவிட்டு வாருங்கள். ஒரு சுற்று நடக்க ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும்.

இப்படிக்கு,
கண்மாய் ஓட்டம் நடத்தும் ஊர்க்காரர்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை